தங்கை 100 மீட்டர் ஓடுகிறாள், அடுத்த ஆண்டு எஸ்.பி.எம்.

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் ஈப்போவில் ஃபேக்டரி வேலை. தங்கைக்கு 16 வயது, படிவம் 4. மாவட்டப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்தாள், 12.9 வினாடி. 200 மீட்டரில் 27.4. நீளம் தாண்டுதலும் இரண்டு அஞ்சல் ஓட்டமும் அதே இரண்டு நாளில். 70 மீட்டருக்குப் பிறகு வேகம் இறங்குவதால் ஆசிரியர் தினமும் காலை 5 கிலோமீட்டர் ஓடச் சொன்னார். விடியுமுன் தோட்டத்துச் சாலையில் ஓடுகிறாள். இரண்டு மாதமாகத் தொடையின் பின்புறம் வலி, தைலம் போட்டு உருவி விடுகிறோம். அப்பா பழைய லாரி டயரைக் கொண்டுவந்து இழுத்துப் பழகச் சொன்னார். ஆனால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வருகிறது, இந்த வருடத்தோடு ஓட்டத்தை விடு என்றும் அவரே சொல்கிறார். விளையாட்டுப் பள்ளிக்கு முயற்சி செய்யலாமா? 700 வெள்ளி (ரிங்கிட்) விலையில் ஸ்பைக் என்னும் ஆணிக் காலணி வாங்க வேண்டுமா? ஒருவர் புரோட்டீன் மாவு விற்கிறார், கொடுக்கலாமா? ஓட்டத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?
- ஓர் அண்ணன், பேராக்

பதில்: தம்பி, கேள்விகளுக்கு வருமுன் அந்த வலியைப் பார்ப்போம். அதை ஒரே வரியில் எழுதிவிட்டு டயருக்குப் போய்விட்டீர்கள். வேக ஓட்டக்காரர்கள் பலரின் காலம் இப்படி ஒரே வரியில் சொல்லி விட்ட வலியில்தான் முடிந்துபோகிறது.

ஓடும்போது முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முன்னால் வீசப்படுகிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்தசை. தான் நீண்டுகொண்டிருக்கும் அதே கணத்தில் அது இறுகிப் பிடிக்க வேண்டும். நார் அறுவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். களைத்த தசை ஒரு நொடித்துளி தாமதமாகப் பிடிக்கும். காலை 5 கிலோமீட்டர், மாலையில் வேகப் பயிற்சி என்று இருந்தால் அந்தத் தசை ஓய்வு கண்ட நாளே இருக்காது.

வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள். உட்காரும் எலும்பை ஒட்டி வலித்து, பள்ளி மர நாற்காலியில் நேரம் போகப் போகக் கூடினால், அது தசைநாண் எலும்பில் சேரும் இடம். அங்கே வலி உள்ளபோது குனிந்து கால்விரலைத் தொடுவதும், காலைச் சுவரில் தூக்கி நீட்டுவதும் கெடுதல், எல்லாரும் செய்யச் சொல்வது அதைத்தான் என்றாலும். தொடையின் நடுவில் வலித்தால் தசை நார் கிழிந்திருக்கலாம். ஓடும்போது 'டப்' என்று வெட்டியது போல இருந்ததா, பிறகு நீலம் பாய்ந்ததா என்று கேளுங்கள். இரண்டில் எதுவானாலும் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போங்கள். கட்டணம் ஒரு வெள்ளிதான். மருத்துவமனையின் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள், நீங்கள் கேட்காவிட்டால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக் கூடும். தைலம் தடவுவதில் தவறில்லை. அழுத்தி உருவுவதை நிறுத்துங்கள், ஆறிவரும் நாரை அது திரும்பப் பிரிக்கக் கூடும்.

எப்போது திரும்ப ஓடலாம்? வேகமாக நடக்கையில் வலி இருக்கக் கூடாது. மல்லாந்து படுத்து, ஒற்றைக் குதிகாலை நாற்காலியில் ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்கும்போது இரண்டு காலிலும் 20 முறை ஒரே மாதிரி வர வேண்டும். அது வந்த பிறகு 60 மீட்டரைப் பாதி வேகத்தில் ஆறு முறை. மறுநாள் காலை வலி இல்லையென்றால் அடுத்த தடவை 70 விழுக்காடு, பிறகு 80, பிறகு 90. ஒவ்வொரு படிக்கும் இடையே ஒரு நாள் விடுங்கள். வலி வந்தால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். மூன்று முறை முழு வேகம் வலியில்லாமல் போன பிறகுதான் போட்டி.

அதோடு ஒரு பயிற்சி. அவள் பாய்மேல் முழங்காலிட்டு நிற்க, நீங்கள் பின்னாலிருந்து கணுக்கால்களை அழுத்திப் பிடியுங்கள். இடுப்பை மடக்காமல், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னால் சாய்ந்து, தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழ வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று தடவை வீதம் இரண்டு சுற்றில் தொடங்கி, எட்டு வாரத்தில் ஆறு தடவை வீதம் மூன்று சுற்றுக்குப் போகலாம். ஓடி முடித்த பிறகு செய்ய வேண்டியது, முன்னால் செய்யாதீர்கள். கால்பந்து வீரர்களிடம் நடந்த பல ஆய்வுகளில், இதைச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வலி உள்ளபோது தொடங்க வேண்டாம்.

இனி அந்த 12.9. கைக்கடிகார நேரத்தை மின்கருவி நேரத்தோடு ஒப்பிட 0.24 வினாடி சேர்ப்பது வழக்கம். அப்படியானால் 13.14. தொடக்கம் துப்பாக்கியா, விசிலா? 100 மீட்டர் தள்ளி நிற்பவர் புகையைப் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டு அமுக்கினால், சத்தம் அவரிடம் வந்து சேரவே ஏறக்குறைய 0.29 வினாடி ஆகும். அவ்வளவும் நேரத்தில் குறைந்துபோகும். மறுபக்கம், புல் திடல் அவளைத் தாமதப்படுத்தியிருக்கும், செயற்கைத் தடத்தில் இன்னும் வேகமாக ஓடியிருப்பாள். ஆக, அவளுடைய உண்மையான நேரம் உங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அதை வைத்துப் பெரிய கனவும் வேண்டாம், விட்டுவிடும் முடிவும் வேண்டாம்.

நீங்களே அளக்கலாம். திடலில் நேராக 50 மீட்டரை டேப்பால் அளந்து, 30லும் 50லும் ஒரு குச்சி நடுங்கள். அவள் ஓடும் கோட்டை ஒட்டியே நட வேண்டும், தள்ளி நட்டால் பார்க்கும் கோணம் ஏமாற்றும். 40 மீட்டருக்கு நேரே, இரண்டு குச்சியும் படத்தில் அடங்கும் அளவுக்குத் தள்ளி நின்று, கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் பதிவு செய்யுங்கள். மார்பு முதல் குச்சியைத் தாண்டியதிலிருந்து இரண்டாவதைத் தாண்டும் வரை எத்தனை படம் என்று எண்ணி 240ஆல் வகுத்தால், ஓட்டத்தோடு எடுத்த 20 மீட்டர் நேரம் கிடைக்கும். 552 படம் வந்தால் 2.30 வினாடி, அதாவது வினாடிக்கு 8.7 மீட்டர். இந்த ஒரு எண்ணை மாதம் ஒருமுறை, காற்றில்லாத நேரத்தில் எடுத்து நோட்டில் எழுதி வாருங்கள். 2.30 என்பது 2.22க்கு வந்தால் அவள் வினாடிக்கு 9 மீட்டரைத் தொட்டுவிட்டாள். தொடக்கம் சரியில்லாத நாள், எதிர்க்காற்று, விசில் ஊதியவர் எதுவும் இதைக் கெடுக்காது.

70 மீட்டருக்குப் பிறகு வேகம் இறங்குவது குறையே கிடையாது. எல்லாருக்கும் இறங்கும். 2009ல் பெர்லினில் 9.58 ஓடியபோது உசேன் போல்ட் கூட கடைசி 20 மீட்டரில் அதற்கு முந்திய 20 மீட்டரைவிடச் சற்று மெதுவாகத்தான் ஓடினார். பள்ளிப் பிள்ளைகள் உச்ச வேகத்தை 40, 50 மீட்டரிலேயே எட்டிவிடுவதால் மிச்ச தூரம் முழுக்க இறக்கம்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது தெம்பு இல்லாதது போலத் தெரியும், உடனே நெடுந்தூரம் ஓடச் சொல்வார்கள். 13 வினாடி ஓட்டத்துக்கும் 30 நிமிட ஓட்டத்துக்கும் உடம்பு வேறு வேறு எரிபொருளை எரிக்கிறது. தினம் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடினால் மெதுவாக ஓடத்தான் கால் பழகும். உச்ச வேகத்தை ஏற்றுங்கள், இறங்கிய பிறகும் முன்பைவிட வேகமாக ஓடுவாள். காலை ஓட்டத்தை இன்றே நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பேராக்கில் சூரியன் உதிப்பதே 7 மணிக்கு மேல். விடியுமுன் லாரியும் நாயும் இருக்கும் தோட்டச் சாலையில் ஒரு பெண்பிள்ளை தனியாக ஓடக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குத் தூக்கமாகப் போகட்டும். இந்த வயதில் 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

வாரத்தில் மூன்று நாள் வேகம், ஒரு நாள் இளைப்பாறும் ஓட்டம், மூன்று நாள் ஓய்வு போதும். கால் சரியான பிறகு திங்கட்கிழமை தொடக்கப் பயிற்சி: 20 மீட்டர் நான்கு, 30 மீட்டர் நான்கு, நடுவில் இரண்டு மூன்று நிமிடம். தோட்டத்தில் மெல்ல ஏறும் மண்சாலை 30 மீட்டர் இருந்தால் இதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேட்டில் உடம்பு தானாகச் சாயும், பின்தொடைக்கும் இழுப்பு குறைவு. செவ்வாய் புல்லில் 100 மீட்டர் எட்டு முதல் பத்து முறை, ஒவ்வொன்றும் 18, 19 வினாடி. பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். வியாழன் உச்ச வேகம்: 30 மீட்டர் படிப்படியாக ஏற்றி, 20 மீட்டர் முழு வேகம், நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு ஐந்து நிமிடம். சனிக்கிழமை 80 மீட்டர் இரண்டு, 120 மீட்டர் இரண்டு, நடுவில் எட்டு முதல் பத்து நிமிடம்.

இந்த ஓய்வு நிமிடங்களைக் குறைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பாதி ஓய்வில் ஓடினால் அடுத்த ஓட்டம் 90 விழுக்காடாக இறங்கும், அப்போது அவள் பழகுவது வேகத்தை அன்று, களைப்பைத் தாங்குவதை. நேரம் முந்தியதைவிட மெதுவாக வரத் தொடங்கினால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் அன்றைக்கு நிறுத்துங்கள். மாலையில் இடி கேட்டால் உடனே திடலை விட்டு வெளியேறி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

அப்பாவின் லாரி டயர் வேண்டாம். அது 50 கிலோவுக்குக் குறையாது, ஏறக்குறைய அவளுடைய எடை. அதைக் கட்டி இழுத்தால் ஓட்டம் நடையாகிவிடும், இடுப்பு மடங்கும், பாதம் தரையில் வெகுநேரம் தங்கும். மோட்டார் சைக்கிள் டயர் ஒன்று போதும், 20 மீட்டர், வாரம் ஒரு நாள், நான்கைந்து முறை. டயரோடு ஓடும் நேரம் டயர் இல்லாத நேரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் பாரம் அதிகம். அப்பாவிடம் இதை மனம் நோகாமல் சொல்லுங்கள். விட்டுவிடு என்று சொல்கிற மனிதர்தான் டயரையும் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஓட்டம் தொடங்கும்போது பாதத்தை ஊன்றும் தொடக்கக் கட்டை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மாவட்ட அளவில் அதிகம் கெடுவது அங்கேதான். கோட்டிலிருந்து அவளுடைய பாதத்தின் நீளத்தில் இரண்டு தள்ளி முன் கட்டை, மூன்று தள்ளி பின் கட்டை. இது ஆரம்ப அளவு, பழகிய பிறகு விரல் அளவில் நகர்த்தலாம். 'செடியா' (தயார்) சொன்னதும் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே, முன் முழங்கால் செங்கோணத்துக்கு அருகில், இரண்டு பாதமும் கட்டையை அழுத்தியபடி இருக்க வேண்டும். பாதம் சும்மா ஒட்டியிருந்தால் முதல் அடி வழுக்கும். எழுந்ததும் தலையைத் தூக்கி இறுதிக் கோட்டைப் பார்க்கக் கூடாது, ஏழு எட்டு அடி வரை பார்வை தரையில். 2010 முதல் அனைத்துலக விதிப்படி ஒருமுறை முந்தினாலே வெளியே. அதனால் சத்தத்தை ஊகித்துப் பாயும் பழக்கம் இப்போதே வரக் கூடாது.

இரண்டு நாளில் ஐந்து போட்டி என்றால், தகுதிச் சுற்றுகளையும் சேர்த்து எட்டு, ஒன்பது தடவை முழு வேகத்தில் ஓடியிருப்பாள். ஆசிரியரிடம் சண்டை வேண்டாம். தன் மாலை நேரத்தைக் கொடுத்து ஓட வைப்பவர் அவர்தான். "சார், கால் வலிக்கிறது, இந்த வருடம் 100, 200, 4x100 மட்டும் ஓடட்டும்" என்று கிளினிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். எழுத்தில் இருந்தால் அவருக்கும் பள்ளியில் சொல்ல வசதி.

மாவு வேண்டாம். போட்டியாளர் உடம்பில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், எப்படி வந்தது என்பது தெரியாவிட்டாலும் பொறுப்பு அவளுடையது. மலேசியாவில் இதைக் கவனிப்பது அடாமாஸ் என்னும் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு. தடை ஆண்டுக் கணக்கில் வரும். லேபிள் இல்லாத மாவு, ஜாமு என்னும் மலாய் மூலிகை மருந்து, சூரணம் எதிலும் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மா ஹுவாங் என்னும் சீன மூலிகையில் எபெட்ரின் என்னும் தடை செய்யப்பட்ட பொருள் உண்டு. சளி மருந்துகள் சிலவற்றிலும் போட்டி நாளில் சிக்கல் தரும் பொருள் உண்டு, மருந்தாளரிடம் கேட்டே வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு முட்டை, மீன், நெத்திலி, பருப்பு, தெம்பே (புளிக்கவைத்த சோயா) வாங்கலாம். பெண்பிள்ளைகளுக்கு நான் கவலைப்படுவது புரதத்தைவிட இரும்புச்சத்து. கிளினிக்கில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், சாப்பாட்டோடு தேநீர் குடிக்க வேண்டாம். மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால் மருத்துவரிடம் போக வேண்டும். ஓடுகிற பெண்ணுக்கு அது இயல்பு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பயிற்சிக்கேற்ற சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளம் அது, எலும்பு முறிவு வரை கொண்டுபோகும். உங்கள் அம்மா கேட்கட்டும், நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டாள்.

ஸ்பைக் 700 வெள்ளிக்கு வேண்டாம். கார்பன் தகடு வைத்தது பழகாத பாதத்துக்கும் கெண்டைக்காலுக்கும் கடினம். ஆரம்ப நிலைக் காலணி ஒன்று, 6 மில்லிமீட்டர் ஆணியோடு போதும். செயற்கைத் தடத்தில் 9க்கு மேல் அனுமதி இல்லை. திங்களும் வியாழனும் மட்டும் போடட்டும்.

பிழைப்பு பற்றி. நேராகச் சொல்கிறேன்: மலேசியாவில் ஓட்டத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலர், அதுவும் சில ஆண்டுகள்தான். தேசிய விளையாட்டு மன்றத்தின் உதவித்தொகை முடிவுகளோடு கட்டப்பட்டது, நேரம் இறங்கினால் அதுவும் போகும். வெற்றிப் பரிசு பதக்கத்துக்கு வருவது, மாதச் சம்பளம் கிடையாது. நம் நாட்டின் ஜி. சாந்தி 1993ல் 100 மீட்டரை ஓடிய 11.50 வினாடி 20 ஆண்டுகளுக்கு மேல் தேசியச் சாதனையாக நின்றது. 13.1 ஓடுகிறவர் அந்த ஓட்டத்தில் 12 மீட்டருக்கு மேல் பின்னால் வருவார். அந்த இடைவெளியைக் காட்டுவது பயமுறுத்த அன்று. அது குறைய ஆறேழு ஆண்டு ஆகும், வேக ஓட்டக்காரர்கள் உச்சத்துக்கு வருவதும் இருபதுகளின் நடுவில்தான். அந்த ஆண்டுகளில் அவளுக்கு எங்கே தடம், யார் பயிற்சியாளர், யார் செலவு என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் அதற்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகம்தான் பதில்.

அதனால்தான் அப்பாவின் "எஸ்.பி.எம்.மா ஓட்டமா" என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. எஸ்.பி.எம். நன்றாக வந்தால்தான் 22 வயதிலும் ஓடுவாள். நம் நாட்டு வேக ஓட்டக்காரர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றபோது மருத்துவ மாணவர். 1968ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை ஓடிய 20.92 வினாடி 2017 வரை தேசியச் சாதனை. நம் பேராக்கின் ஷெரீன் சாம்சன் வல்லபோய் அமெரிக்காவில் வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2023 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றார். அவருடைய பெற்றோர் இருவரும் முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள், அந்த வழிகாட்டல் வீட்டிலேயே இருந்தது. உங்கள் வீட்டில் இல்லை என்பதால் நீங்கள் இப்போதே விசாரிக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இடைநிலைப் பள்ளி மதிப்பெண், ஆங்கிலம், மின்கருவியில் எடுத்த நேரம், வீடியோ எல்லாம் கேட்கும். பயிற்சியாளர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பலாம், தரகருக்குப் பணம் கட்டத் தேவையில்லை. உள்ளூரிலும், அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாநிலத்தைப் பிரதிநிதித்த சான்றிதழ் அதில் நல்ல எடை. இந்த ஒன்றை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள்.

விளையாட்டுப் பள்ளிகள், புக்கிட் ஜாலிலோ ஜொகூர் பண்டார் பெனாவாரோ, நல்ல இடங்கள்தான். ஆனால் இந்த ஆண்டு நான் அனுப்ப மாட்டேன். காலில் வலியோடு தேர்வுக்குப் போனால் முழு வேகத்தில் ஓடச் சொல்வார்கள், இருக்கிற கிழிசல் பெரிதாகும். எஸ்.பி.எம்.முக்கு ஓராண்டுக்கு முன் பள்ளியும் பாடமும் மாறுவது இன்னொரு சுமை. அழைப்பு தானாக வந்தால் மறுக்குமுன் நான்கைக் கேளுங்கள்: பெண்களின் 100, 200 மீட்டருக்குத் தனிப் பயிற்சியாளர் உண்டா, அவள் எடுத்த அதே பாடங்கள் உண்டா, இயன்மருத்துவர் வாரம் எத்தனை நாள் வருகிறார், காயம்பட்டு ஆறு மாதம் ஓடாவிட்டால் இடம் நிலைக்குமா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் வேண்டாம். அடுத்த ஆண்டு தேர்வுக்கு முந்திய இரண்டு மூன்று மாதம் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைக்கலாம். அதில் ஒன்று வியாழக்கிழமைப் பயிற்சியாக இருந்தால் வேகம் பெரிதாகக் கரையாது.

இந்த வாரம் கிளினிக், ஆசிரியரிடம் பேச்சு, காலை ஓட்டத்துக்கு முற்றுப்புள்ளி. வலியில்லாமல் முழு வேகம் வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை ஈப்போவில் செயற்கைத் தடத்துக்குக் கூட்டிப் போய் அந்த 20 மீட்டரை எடுங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். வந்த எண்ணோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், 200 மீட்டரின் வளைவு ஓட்டத்தை அப்போது பார்ப்போம்.